செங்கல் இறங்கினால் தொட்டி நிறைந்தது: மதுரைப் பக்கம் ஐந்து நாள்

நாள் 1: மாட்டுத்தாவணி, அனுப்பானடி

பஸ் மாட்டுத்தாவணிக்குள் திரும்பியபோது மணி 6.50. தை மாதம், சூரியன் வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நான் செய்த முதல் காரியம், தெருவிளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தது.

சிரிக்க வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இளநிலை உதவியாளர் வேலை எனக்கு. கரண்ட் பில் நோட்டு பன்னிரண்டு வருடமாக என் மேசையில்தான் இருக்கிறது. தெருவிளக்குக்கு ஒரு பக்கம், தண்ணீர் மோட்டாருக்கு ஒரு பக்கம். அதையே பார்த்துப் பார்த்து, எந்த ஊருக்குப் போனாலும் கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்னால் விளக்குக் கம்பம்தான் படுகிறது. ஐந்து நாள் விடுப்பு, சித்தி வீட்டில் தங்கல். அன்றன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று உத்தேசம்.

பஸ் நிலையத்தில் விளக்குகள் அணைந்திருந்தன. ஷேர் ஆட்டோவில் வரும் வழியில் ஒரு தெருவில் மட்டும் வரிசையாகப் பதினோரு விளக்கு வெயிலில் எரிந்துகொண்டிருந்தன. "ஆள் மறந்துட்டான்" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். இருக்கலாம். ஆனால் என் சந்தேகம் டைமர் பெட்டி மேல். பழைய மாதிரி டைமர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். முந்தின நாள் இரண்டு மணி நேரம் மின்தடை என்றால் டைமர் இரண்டு மணி நேரம் பின்தங்கிப் போகும். அப்புறம் சாயங்காலம் இருட்டின பிறகு விளக்கு எரியும், காலையில் வெயில் ஏறின பிறகு அணையும். ஜனங்கள் இரண்டுக்கும் திட்டுவார்கள். யாராவது ஒருவர் பெட்டியைத் திறந்து முள்ளைத் திருப்பி வைத்தால் தீர்ந்தது. அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் ஊரில் பெரும்பாடு.

எல்.ஈ.டி. வந்த பிறகு தெருவிளக்குக் கணக்கு எவ்வளவோ மாறிவிட்டது. பழைய 40 வாட் டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50, 55 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.ஈ.டி. போதும். ராத்திரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்தால், கம்பத்துக்கு 0.4 யூனிட் மிச்சம். நூறு கம்பம் உள்ள சின்ன ஊருக்கு ராத்திரிக்கு 40 யூனிட், மாதத்துக்கு 1,200. மத்திய அரசு 2015 ஜனவரியில் எல்.ஈ.டி. தெருவிளக்குத் திட்டத்தை ஆரம்பித்த சமயம், "வெளிச்சம் பத்தாது, ஜனம் சண்டைக்கு வரும்" என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னவர்கள் உண்டு. வெளிச்சம் பத்தியது. சண்டை வேறு பக்கமிருந்து வந்தது. முன்னெல்லாம் லைட் எரியாவிட்டால் ஸ்டார்ட்டரைத் திருகி மாற்றினால் வேலை முடிந்தது. இப்போது உள்ளே இருக்கிற டிரைவர் என்கிற மின்சுற்று போய்விட்டால் விளக்கையே கழற்றி அனுப்ப வேண்டும். அது திரும்பி வருகிற வரை அந்தக் கம்பத்தடி வீட்டுக்காரர் தினமும் நமக்குப் போன் போடுவார்.

சித்தப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கிழித்த கை. எதையும் கணக்குப் பண்ணாமல் விடமாட்டார். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார். சூரிய வீடு திட்டத்தில் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வந்ததாம். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனலைத் துடைப்பது அவர் வேலை. கொடிமரத்துக்கு எண்ணெய்க்காப்பு மாதிரி அவ்வளவு பக்தியாகச் செய்கிறார். சித்திக்கு ஒரே ஒரு குறைதான். "வடகம் காயப்போட இடமில்லடி. பேனலுக்கு அடியில நிழலு, மேல போட்டா உங்க சித்தப்பா அடிக்க வர்றாரு."

நாள் 2: தெப்பக்குளம், மாடக்குளம், வைகை

காலையில் சித்தப்பாவோடு தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், ஏறக்குறைய 16 ஏக்கர். படிக்கட்டு நெடுகத் தண்ணீர், நடுவில் மைய மண்டபம், அதன் நிழல் தண்ணீரில் ஆடுகிறது. தைத் தெப்பம் நெருங்குகிறது.

எனக்குத் தெரிந்த தெப்பக்குளம் வேறு. பள்ளிக்கூட லீவுக்கு வரும்போதெல்லாம் அது கிரிக்கெட் மைதானம். ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் நடக்கும். எந்தப் பந்து எந்த ஆட்டத்துப் பந்து என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் இல்லாத வருடம் தெப்பம் மிதக்காது, நிலைத்தெப்பம்தான். பிறகு சில வருடங்களுக்கு முன்னால் பனையூர்க் கால்வாயைச் சரிபண்ணி, வைகையில் தண்ணீர் வரும்போது இங்கே திருப்பிவிட ஆரம்பித்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த வாய்க்காலில் குப்பையையும் மண்ணையும் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கி வருகிறது. மோட்டார் கிடையாது, பில் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி சித்தப்பா வீட்டுப் போர்வெல்தான். அனுப்பானடி தெப்பக்குளத்துக்குப் பக்கம். குளம் காய்ந்து கிடந்த காலத்தில் 1,000 லிட்டர் தொட்டி நிறைய முக்கால் மணி நேரம் மோட்டார் ஓடும், நடுவில் காற்று வாங்கும். இப்போது 25 நிமிடத்தில் நிறைகிறது என்கிறார். மோட்டார் அதேதான், இறக்கியிருக்கும் ஆழமும் அதேதான். தண்ணீர் மேலே ஏறி வந்திருப்பதால் தூக்க வேண்டிய உயரம் குறைந்துவிட்டது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு, அலுவலகத்தில் காகிதத்தின் பின்பக்கம் போட்டுப் பார்த்தது. 1,000 லிட்டரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, நஷ்டமே இல்லாத மோட்டாராக இருந்தால் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நம்முடைய நிஜ மோட்டார்கள் பாதியைச் சூடாக்கியே தின்றுவிடும், ஆகவே அரை யூனிட்டுக்கு மேல். தண்ணீர் 30 மீட்டரில் கிடைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரு வீட்டுக்கு இது சில்லறை. ஒரு தெருவுக்கு, ஒரு வார்டுக்கு, நூறு வார்டு உள்ள ஊருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

மின்சாரச் சிக்கனம் என்றதும் எல்லோருக்கும் பல்பு நினைவு வருகிறது. பல்பை மாற்றினால் படம் எடுத்துப் போடலாம், அதனால் இருக்கும். என் நோட்டில் பெரிய தொகை எப்போதும் தண்ணீர்ப் பக்கத்தில்தான். நீரைத் தூக்க, தள்ள, மேலே ஏற்ற, பிறகு கழிவுநீராக அதையே மறுபடி தள்ள. மதுரையிலும் கழிவுநீரைப் பம்ப் பண்ணித்தான் அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள். முல்லைப் பெரியாற்றிலிருந்து வரும், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் குடிநீர்த் திட்டத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. லோயர் கேம்ப் மலையடிவாரம், மதுரை தாழ்வு. பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் தண்ணீர் தானாக இறங்கி வரும்படி குழாயைப் போட்டிருக்கிறார்கள். பணம் குழாய்க்குப் போகும், தினம் தினம் மீட்டருக்குப் போகாது.

மத்தியானம் மாடக்குளம் கண்மாய். பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ஊரின் பெயரே 'மாடக்குளக்கீழ் மதுரை'. மாடக்குளத்துக்குக் கீழே இருக்கிற மதுரை. ஊருக்கு விலாசம் கொடுத்ததே ஒரு கண்மாய்தான் என்று நினைக்கும்போது கரையில் நிற்க ஒரு மாதிரியாக இருந்தது. கண்மாய் முக்கால் நிறைந்து கிடந்தது. நீர்க்காகம் ஒன்று செத்த கருவேல மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் பைக் கழுவிக்கொண்டிருந்தார், சோப்பு நுரையோடு.

சாயங்காலம் வைகை. அதைப் பற்றி எழுத மனமில்லை. ஆகாயத்தாமரை, சாக்கடை, கரையில் புதுச்சாலை. சாலை நன்றாக இருந்தது.

நாள் 3: குப்பை வண்டி, தார்ச்சாலை

முதலில் ஒரு திருத்தம். நேற்று எழுதியதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். தொட்டி நிறைய 25 நிமிடம் இல்லையாம், 28 நிமிடமாம். பதிந்துகொள்ளவும்.

காலை ஏழேகாலுக்குப் பேட்டரி வண்டி வந்தது. பச்சைக் கூடை, நீலக் கூடை. சித்தி மக்கும் குப்பையைத் தனியாகத்தான் வைத்திருந்தாள். எதிர்வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்திருந்தார்கள். தூய்மைப் பணியாளர் அக்கா அதை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, வாசலிலேயே கையை விட்டுப் பிரித்தார். சாம்பார் ஊறின பால் கவர், முட்டை ஓடு, பிஸ்கட் உறை, ஒரு ஒற்றைச் செருப்பு. கையுறை இருந்தது, வண்டிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு. "இத மாட்டுனா முடிச்சு அவுக்க வராதுத்தா" என்றார். பால் கவரைத் தனியாக ஒரு சாக்கில் போட்டார். "இதுக்கு வெல இருக்கு. பெட் பாட்டிலுக்கு இருக்கு. இந்த பளபளன்னு இருக்குல்ல பிஸ்கட் கவரு, சிப்ஸ் கவரு, இத ஒருத்தனும் தொட மாட்டான்."

யாரும் தொடாத அந்தப் பளபளப்புக்கு வழி சொன்ன ஊரும் இதுதான். திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைத் தார்ச்சாலையில் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2002இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முதல் சாலை. 2006இல் காப்புரிமை, 2018இல் பத்மஸ்ரீ. பல பேர் தாரில் பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சூட்சுமம் கல்லில் இருக்கிறது. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கின பிளாஸ்டிக்கைத் தூவினால், அரை நிமிடத்தில் உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிசாக ஒட்டிக்கொள்கிறது, பாகில் புரட்டின கடலை மாதிரி. அதற்குப் பிறகுதான் தார். கல்லுக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புக இடம் இல்லாததால் மழைக்குப் பெயர்ந்து வருவது குறைகிறது. தாரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிச்சம். ஒரு வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். பி.வி.சி. மட்டும் சேர்க்கக் கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு என்கிற நச்சு வாயு வரும்.

கல்லூரிப் பக்கம் போய் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திருப்பரங்குன்றம் கோயிலுக்கு நடந்தேன். எந்தச் சாலை பிளாஸ்டிக் சாலை என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் உண்மை. எல்லாம் கறுப்பு. ஒரு டீக்கடை முன்னால் பெயர்ந்து கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். டீக்கடைக்காரர், "என்னம்மா, ரோட்டு இன்ஸ்பெக்டரா?" என்றார். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, ஒரு டீ சொன்னேன். கண்ணாடி டம்ளரில் கொடுத்தார். பார்சல் கேட்டவருக்கும் "சொம்பு கொண்டாங்க" என்றார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. அதற்குப் பிறகும் கட்டுச்சாம்பாரைக் கேரி பேக்கில் முடிந்து கொடுக்கும் கடைகளை இதே ஊரில் நேற்று நாலைந்து பார்த்தேன். சொம்பு கேட்கிற கடைக்காரருக்கு என் ஓட்டு.

வாசுதேவன் முறை மேல் எனக்கு மரியாதை அதிகம், ஆனால் ஒரு உறுத்தலும் உண்டு. எங்கள் பக்கம் ஒரு கூட்டத்தில், "அதான் ரோட்டுல போடலாம்ல, அப்புறம் எதுக்குத் தடை?" என்று ஒரு வியாபாரி கேட்டார். தேய்கிற சாலையிலிருந்து பிளாஸ்டிக் துகள் எங்கே போகும் என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கிற குப்பைக்கு நல்ல மருந்து. வியாதியை வரவழைத்துக்கொள்ள அது சாக்கு ஆகாது. அந்த அக்கா நாளைக்கும் அந்த முடிச்சை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

நாள் 4: அரிட்டாபட்டி, அப்புறம் பெயர் சொல்லாத ஓர் ஊர்

மேலூர் போய், அங்கிருந்து ஆட்டோ. அரிட்டாபட்டியை நெருங்கும்போதே பாறை தெரிய ஆரம்பித்துவிடுகிறது. பெரிய யானைகள் முட்டிபோட்டு உட்கார்ந்த மாதிரி மொட்டைக் குன்றுகள், அடியில் கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயல். நாற்று நட்டுப் பச்சை பிடித்த வயலும் இருந்தது, அறுப்புக்கு நிற்கிற வயலும் இருந்தது.

தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்த்து 193.42 ஹெக்டேர். ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், 200 ஊற்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்பது அரசு அறிவிப்புக் கணக்கு. லகுடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் இந்தப் பாறைகளில் இருக்கின்றன. எனக்குக் கழுகு ஒன்றும் கிடைக்கவில்லை. மயில்தான் திரும்பிய பக்கமெல்லாம். குடைவரைச் சிவன் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது பாறையிலிருந்து தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது. மழை நின்று எத்தனையோ நாள் ஆகியும் பாறை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. மழைத் தண்ணீரைப் பாறை வாங்கி, மெதுவாக விட்டு, ஊற்றாக்கி, ஊற்று ஓடையாகி, ஓடை கண்மாயில் விழுந்து, அது நிறைந்தால் மறுகால் போய் அடுத்த கண்மாய்க்கு. இத்தனைக்கும் எங்கேயும் ஒரு ஸ்விட்ச் இல்லை.

இந்த மலையைத்தான் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்த்தார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 ஹெக்டேர். பல்லுயிர்த் தலமும் அதற்குள் வந்தது. 2024 நவம்பரில் ஏலம் முடிந்த செய்தி வந்ததும் சுற்றுப்பட்டு ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம். ஜனவரி 7இல் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் மதுரைக்கு நடையாக, வண்டியாகப் போய்ச் சேர்ந்தார்கள். 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

கிராம சபை தீர்மான நோட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் அது பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி வைத்த பத்தி, கையெழுத்து வாங்க மட்டும் கூட்டம். டீயும் வடையும் தீர்ந்தால் கூட்டமும் தீர்ந்தது. அதே நோட்டு, அதே கோடு போட்ட தாள், இங்கே ஒரு மலையை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆட்டோக்காரர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். "என் ஆத்தா கையெழுத்துப் போடத் தெரியாது. ரேகை வச்சிச்சு. மை காயறதுக்குள்ள இன்னொரு தாள்லயும் வைக்கவான்னு கேட்டுச்சு" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊரில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் தண்ணீர்த் தொட்டி. நாலு தூணில் நிற்கிற 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, எல்லா ஊரிலும் இருப்பதுதான். அதன் வெளிப்பக்கம் ஒரு கயிற்றில் செங்கல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டருக்கு அறுபது வயது இருக்கும். மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னம்மா பாக்குறீங்க?"

"அண்ணே, அந்தச் செங்கல் எதுக்கு?"

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு விளக்கினார். தொட்டிக்குள்ளே, செங்கலைவிடக் கனமாக இருக்கும்படி கொஞ்சம் மணல் போட்டு மூடி இறுக்கின கேன் மிதக்கிறது. அதில் கட்டின கயிறு மேலே ஒரு சின்னக் கப்பி வழியாக வெளியே வந்து செங்கலில் முடிகிறது. தண்ணீர் ஏறினால் கேன் ஏறும், செங்கல் இறங்கும். தூணில் மஞ்சள் பெயிண்டில் மூன்று கோடு. கடைசிக் கோட்டுக்குச் செங்கல் வந்தால் தொட்டி நிறைந்தது, மோட்டாரை நிறுத்த வேண்டும். மேலே ஏறிப் பார்க்க வேண்டாம், தண்ணீர் வழிந்து தெரு நனைகிற வரை காத்திருக்கவும் வேண்டாம்.

"முன்னாடி வழிஞ்சாத்தான் தெரியும். ராத்திரி தூங்கிட்டேன்னா விடிய விடிய வழியும். ஒரு நா எம் பேரன் பள்ளிக்கூடத்துல கப்பி படிச்சிட்டு வந்து சொன்னான். மூணு வருசம் ஆச்சு."

செலவு என்ன என்று கேட்டேன். கயிறுக்குத்தான் காசு. கேன் யாரோ தூக்கிப் போட்டது, செங்கல் யார் வீட்டிலோ மிஞ்சியது.

மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் தேதியும் நேரமும் எழுதி வைத்திருந்தார். போட்டது 5.40, நிறுத்தியது 7.25. மாதக்கணக்கில் இப்படி. நடுவில் சில நாள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அது என்ன என்றால், அன்றைக்கு வோல்டேஜ் குறைவு, நிறைய நேரம் ஆனது என்று அர்த்தம். கண்மாய் நிறைந்த மாதத்தில் ஓட்டுகிற நேரம் குறைந்திருப்பதும் அந்தச் சுவரில் தெரிந்தது. ஐப்பசிக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் ஓடினது இப்போது ஒன்றே முக்காலுக்கு வந்திருக்கிறது. கண்மாய்க் கரையிலிருந்து போர் இருக்கிற இடம் இருநூறு அடிகூட இருக்காது. வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலத்தை அப்புறப்படுத்தியது நூறு நாள் வேலை ஆட்கள்தான் என்றார். என் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. இந்த மாதிரி ஒரு பக்கம் இல்லை.

அப்புறம் அவர் காட்டியதுதான் என்னைக் கொஞ்சம் சுருக்கென்று குத்தியது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னத் தகர டப்பா மாதிரி ஒன்று. தட்டிக் காட்டினார். "இது கெப்பாசிட்டர். வீங்குனா உடனே மாத்தணும். இல்லாட்டி லைன்ல சும்மாவே கரண்டு சுத்தும்."

எங்கள் பேரூராட்சியில் பெரிய மோட்டார் ஒன்றின் கெப்பாசிட்டர் எரிந்து போய், பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம் (இப்படிச் சும்மா சுற்றுகிற கரண்டுக்கு) என்று தனியாக ஒரு தொகை பதினொரு மாதம் வந்தது. பதினொரு மாதமும் அதை நோட்டில் ஏற்றியது நான்தான். கூட்டுத்தொகையைப் பார்த்தேன், வரியைப் பார்க்கவில்லை. தணிக்கைக்கு வந்தவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் எல்லோரும் விழித்தோம். கட்டின அபராதத்தில் பல கெப்பாசிட்டர் வாங்கியிருக்கலாம். மோட்டார் ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ஆபரேட்டர் அதற்கு முன்பே இரண்டு தடவை வாயால் சொல்லியிருக்கிறார், எழுதிக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

இதை இவரிடம் சொல்லவில்லை. சொல்ல நா எழவில்லை.

ஊருக்குள் ஒரு பசுமை வீடு பார்த்தேன். 2011இல் தொடங்கின திட்டம், 300 சதுர அடி வீடு, சோலார் விளக்கோடு. பேனல் கூரை மேல் அப்படியே இருக்கிறது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டதாம், பெட்டிக்குள் கோழி முட்டையிடுகிறது. வீட்டுக்கார அம்மா முட்டையை எடுத்துக் காட்டிச் சிரித்தார். பேட்டரியை மாற்ற யார் பணம் கொடுப்பது என்று திட்டத்தில் ஒரு வரி இருந்திருந்தால் கோழிக்கு வேறு இடம் கிடைத்திருக்கும்.

கிளம்பும்போது ஆபரேட்டரிடம் கயிறு என்ன கயிறு என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

"கம்பி வேணாம், துருப் பிடிச்சிரும். தேங்கா நாரும் வேணாம், அழுகிரும். நைலான் வாங்குங்க, விரக்கட தண்டி. வெயிலுக்கு நையும், வருசத்துக்கு ஒருக்கா மாத்திக்கங்க. கப்பிக்கு எண்ண விட மறந்துராதீங்க, மறந்தா செங்கலு பொய் சொல்லும்."

நாள் 5: கீழமாசி வீதி, மாட்டுத்தாவணி

காலையில் மீனாட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். கூட்டம், இரண்டு மணி நேர வரிசை, எழுத ஒன்றும் இல்லை. சித்திரை வீதியில் வண்டி விடாததால் தரையில் உட்கார்ந்து பூ கட்டுகிறவர்களைப் பயமில்லாமல் தாண்டி நடக்கலாம். அது நன்றாக இருந்தது.

சித்தி மஞ்சப்பையில் வடகம் கட்டிக் கொடுத்தாள். பேனலுக்கும் கைப்பிடிச்சுவருக்கும் நடுவில் இரண்டடி இடம் கண்டுபிடித்துக் காயவைத்ததாம். சித்தப்பா அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கயிற்றுக் கடை. நைலான், விரற்கடை தண்டி, அறுபது அடி கேட்டேன். கடைக்காரர் அளந்துகொண்டே, "ஊஞ்சலுக்காம்மா?" என்றார். தண்ணித் தொட்டிக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் இரண்டடி கூடவே விட்டு வெட்டினார். கப்பி அடுத்த கடையில், எண்பது ரூபாய். ரசீது இரண்டுக்கும் வாங்கவில்லை. ரசீது கொண்டுபோனால் அதற்கு ஒரு கோப்பு திறக்க வேண்டும்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியதும் எங்கள் ஆபரேட்டருக்குப் போன் போட்டேன். மெமோ வாங்கினாரே, அவருக்குத்தான். முதலில் அந்தப் பழைய விஷயத்துக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "விடுங்க மேடம். சரி, எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார்.

காலிக் கேன் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னேன், மூடி இறுக்கமாக இருக்கிறதா பார்த்து. செங்கல் அலுவலகத்துப் பின்னால் கிடக்கிறது.